ஒரே ஏர்பேக், ஒரே பெல்ட் எல்லா உடம்புக்கும் சரிப்படுமா?

கேள்வி இது: “புதுக் கார் வாங்கப்போகிறேன். ஷோரூமில் ‘ஆறு ஏர்பேக் சார், கவலையே படாதீங்க’ என்கிறார்கள். அம்மாவுக்கு 71 வயது, எலும்புத் தேய்மானம், 45 கிலோதான் இருப்பார். மனைவி ஐந்தடி உயரம், அவர்தான் தினமும் ஓட்டுவார். நான் 95 கிலோ. ஆளைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஏர்பேக், சீட் பெல்ட் வந்துவிட்டதாகப் படித்தேன். உண்மையா, விளம்பரமா? இப்போது இருக்கும் பழைய காரில் அதைப் பொருத்த முடியுமா?”

இதற்குள் இருக்கும் உண்மையான சந்தேகம், எத்தனை ஏர்பேக் என்பதைப் பற்றியதல்ல. 45 கிலோ உடம்பையும் 95 கிலோ உடம்பையும் ஒரே விசையில் பிடித்து நிறுத்தும் ஒரு சாதனம் இருவரையும் ஒரே மாதிரி காப்பாற்றுமா என்பதுதான். மிகச் சரியான சந்தேகம். சீட் பெல்ட் வடிவமைப்பிலும் ஸ்லெட் சோதனையிலும் (தண்டவாளத்தில் ஓடும் மேடையில் இருக்கையைப் பொருத்தி, காரை உடைக்காமலே மோதலைப் போலச் செய்வது) பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சென்சார் மென்பொருள் என் துறை இல்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்தப் பிரிவில் இருந்தவர்களோடு சேர்ந்து வேலை செய்ததில் தெரிந்துகொண்டது.

முதலில் மோதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 56 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் கான்கிரீட் சுவரில் நேராக மோதினால், சுமார் பத்தில் ஒரு விநாடிக்குள் கார் நின்றுவிடும். முன்பக்கம் அறுபது சென்டிமீட்டர் வாக்கில் நசுங்கும். கார்தான் நிற்கிறது, உள்ளே இருப்பவர் ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்தும் வரை அதே 56 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருப்பார். பெல்ட் அவரைச் சீக்கிரமே காரோடு கட்டிவிட்டால், கார் நசுங்கும் தூரம் முழுவதும் அவருக்கும் கிடைக்கிறது. அதற்கு மேல் மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஒரு முப்பது சென்டிமீட்டர் இருக்கலாம். உயிர் பிழைக்க நமக்கு இருக்கும் மொத்தத் தூரம் இவ்வளவுதான். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைக் கையைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டே பிடிப்பதுபோல, இந்தத் தூரத்தை முழுசாகப் பயன்படுத்தினால் விலா எலும்பில் விழும் விசை குறையும். பாதியிலேயே நிறுத்திவிட்டால் விசை எகிறும். தூரம் தீர்ந்த பிறகும் நிற்காவிட்டால் தலை ஸ்டீயரிங்கில் போய் இடிக்கும்.

இந்தப் பத்தில் ஒரு விநாடிக்குள்தான் எல்லா வேலையும் நடந்தாக வேண்டும். முதல் 15, 20 மில்லி செகண்டுக்குள் கட்டுப்பாட்டுப் பெட்டி இது மோதலா, பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியா என்று முடிவுசெய்கிறது. உடனே பிரீடென்ஷனர் என்ற சின்ன வெடிமருந்துக் கருவி பெல்ட்டைச் சரேலென உள்ளிழுத்து, தளர்வாக இருந்த பத்து சென்டிமீட்டரையும் எடுத்துவிடுகிறது. ஏர்பேக் நிரம்ப முப்பது மில்லி செகண்ட் ஆகும். கண்ணிமைக்கும் நேரம் என்கிறோமே, அது இதைவிட நீளம். முகம் பையைத் தொடும்போது பை முழுசாக நிரம்பி, பின்னால் இருக்கும் ஓட்டைகள் வழியே காற்றை விடத் தொடங்கியிருக்க வேண்டும். நிரம்பிக்கொண்டிருக்கும் பையின் மேல் முகமோ மார்போ இருந்தால் அது அடி, அதுவும் கொல்லக்கூடிய அடி. சோதனையில் டம்மியின், அதாவது ஆளுக்குப் பதிலாக வைக்கும் மனித உருவப் பொம்மையின், முகத்தில் சாயம் பூசித்தான் உட்காரவைப்போம். மோதல் முடிந்ததும் பையின் மேல் எந்த இடத்தில் மூக்கின் சாயம், எந்த இடத்தில் தாடையின் சாயம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாலே முகம் எப்படி வந்து விழுந்தது என்று தெரிந்துவிடும்.

பெல்ட்டுக்குள் இன்னொரு பாகம் இருக்கிறது. வெளியே தெரியாது, விளம்பரத்திலும் அதற்குப் பெரிய இடம் கிடைப்பதில்லை. அதுதான் லோடு லிமிட்டர். பெல்ட் சுருண்டிருக்கும் உருளைக்கு நடுவில் விரல் தடிமனில் ஒரு எஃகுத் தண்டு. மார்பின் மேல் பெல்ட் அழுத்தும் விசை ஒரு அளவைத் தாண்டினால் இந்தத் தண்டு முறுக்கிக்கொள்ளத் தொடங்கும், பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், விசை அதற்கு மேல் ஏறாது. அந்த அளவு பல கார்களில் 4 கிலோ நியூட்டன் வட்டாரத்தில் இருக்கும், அதாவது ஏறக்குறைய 400 கிலோ எடை. சோதனைக்கு முன் தண்டின் மேல் நீளவாக்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, முடிந்தபின் பிரித்துப் பாருங்கள்: கோடு தண்டைச் சுற்றி ஒன்றிரண்டு சுற்று போயிருக்கும். அந்தச் சுற்று அத்தனையும் விலா எலும்புக்குப் போகாமல் எஃகு வாங்கிக்கொண்ட ஆற்றல். எனக்கு இந்தப் பாகத்தின் மேல் தனி மரியாதை உண்டு.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. தண்டின் தடிமன் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. யார் உட்கார்ந்தாலும் அதே விசைதான். ஒரே வேகத்தில் வரும் 100 கிலோ மனிதரிடம் 50 கிலோ மனிதரைப் போல் இரண்டு மடங்கு ஆற்றல் இருக்கிறது. அதே ஆள் 28 கிலோமீட்டரில் மோதினால் 56இல் இருப்பதில் கால்பங்கு ஆற்றல்தான். நடுத்தர ஆணுக்கு, அதாவது சுமார் 78 கிலோ எடையுள்ள டம்மிக்கு, கடுமையான மோதலில் சரியாக வரும்படி வைத்த அளவில் உங்கள் அம்மா உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவரை நிறுத்த அவ்வளவு விசை தேவையே இல்லை. தண்டு கொஞ்சம்தான் முறுக்கும், முன்னால் பாதித் தூரம் வீணாகக் கிடக்கும், அவருடைய மார்பு தேவையில்லாமல் அந்த முழு விசையையும் தாங்கும். நீங்கள் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் பிரச்சினை: பெல்ட் நிறைய வெளியே வரும், மிச்சத்தை ஏர்பேக்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வயதானால் விலா எலும்பு தாங்கும் விசை குறைகிறது என்பதில் சந்தேகமே இல்லை. இருபது வயதுக்காரருக்குச் சிராய்ப்போடு போகும் மோதல் எழுபது வயதில் பல விலா முறிவாகவும், அதைத் தொடர்ந்து நிமோனியாவாகவும் ஆகலாம்.

இந்தப் பாடத்தை உலகம் மிக மோசமான வழியில்தான் கற்றது. 1990களில் அமெரிக்காவில் ஏர்பேக்கைப் பெல்ட் போடாத நடுத்தர ஆணையும் நிறுத்தும் அளவுக்கு ஆவேசமாக வெடிக்கும்படி செய்தார்கள்; அன்றைய அரசுச் சோதனை அப்படிக் கேட்டது. விளைவு, 1990 முதல் 2008 வரை குறைந்த வேக மோதல்களில் ஏர்பேக் வெடித்ததாலேயே இறந்தவர்கள் 290க்கும் மேல் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை மதிப்பிட்டது. பெரும்பாலோர் பயணி இருக்கையில் இருந்தவர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலானோர் குழந்தைகள். ஓட்டுநர்களில் குள்ளமான பெண்களும் இருந்தார்கள். இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெல்ட் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள். அதன்பின் பையின் வேகத்தைக் குறைத்தார்கள். 2000ஆம் ஆண்டு விதி மாறியது: சிறிய உருவப் பெண் டம்மியையும் குழந்தை டம்மிகளையும் வைத்துச் சோதிக்க வேண்டும், குழந்தை உட்கார்ந்தால் பை அணைய வேண்டும் அல்லது மெதுவாக விரிய வேண்டும். நீங்கள் படித்த ‘தன்னை மாற்றிக்கொள்ளும் ஏர்பேக்’ அந்த மரணங்களிலிருந்து வந்ததுதான்.

அது எப்படி மாற்றிக்கொள்கிறது? பெரும்பாலான கார்களில் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையாகத்தான். பக்கிளில் ஒரு சுவிட்ச், பெல்ட் போட்டிருக்கிறதா என்று சொல்லும். இருக்கைத் தண்டவாளத்தில் ஒரு சென்சார். இருக்கை முன்னால் தள்ளியிருந்தால் ஆள் குள்ளம், ஸ்டீயரிங்குக்கு அருகில் இருக்கிறார் என்று கணக்கு. பயணி இருக்கைக்கு அடியில் எடை பார்க்கும் ஏற்பாடு. முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் சென்சார்கள் மோதலின் கடுமையைச் சொல்லும். இவற்றைக் கொண்டு ஏர்பேக்கை நிரப்பும் இரண்டு வெடிமருந்துகளில் ஒன்றை மட்டும் வெடிப்பதா, இரண்டையுமா, எவ்வளவு இடைவெளியில் என்று முடிவாகும். மெதுவான மோதலில் இரண்டாவது மருந்து தேவையில்லை என்று முடிவானாலும், ஆளெல்லாம் பின்னால் சாய்ந்த பிறகு, நூறு மில்லி செகண்டுக்கு மேல் கழித்து, அதையும் வெடித்துவிடும் ஏற்பாடு பல வடிவமைப்புகளில் உண்டு. பிறகு காரைத் தூக்கிக்கொண்டு போகும் மெக்கானிக் கையில் வெடிக்காத மருந்து மாட்டிவிடக் கூடாதே என்பதற்காக. சில கார்களில் பையின் காற்று வெளியேறும் ஓட்டையைத் தேவைக்குத் தகுந்தபடி திறக்கிறார்கள். பெல்ட்டில் இரண்டு நிலை லோடு லிமிட்டர் வைத்து, முதலில் இறுக்கமாகப் பிடித்து, ஏர்பேக் வேலையை எடுத்துக்கொண்டதும் விசையைச் சட்டென இறக்குகிறார்கள்.

நீங்கள் படித்த செய்தி வால்வோ 2025 ஜூனில் அறிவித்த பெல்ட்டைப் பற்றியதாக இருக்கலாம். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று புள்ளி பெல்ட்டை 1959இல் காரில் கொண்டுவந்த அதே நிறுவனம். அதை வடிவமைத்த நில்ஸ் போலின் அதற்கு முன் போர்விமானத்தில் விமானியை வெளியே தள்ளும் இருக்கைகளில் வேலை பார்த்தவர்; அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று வால்வோ திறந்துவிட்டது. புதிய பெல்ட்டில் முன்பு மூன்றாக இருந்த விசை நிலைகள் பதினொன்றாகின்றன. காருக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் சென்சார்கள் ஆளின் உயரம், எடை, உட்கார்ந்திருக்கும் விதம், மோதலின் வேகம், திசை எல்லாவற்றையும் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்கும். பெரிய உடம்பு, கடும் மோதல் என்றால் தலையைக் காப்பாற்றப் பெல்ட் இறுக்கமாக நிற்கும். சின்ன உடம்பு, லேசான மோதல் என்றால் விலாவைக் காப்பாற்ற விட்டுக்கொடுக்கும். ஆக, தொழில்நுட்பம் உண்மை. இயற்பியலும் சரி. ஆனால் நிஜச் சாலையில் இத்தனை உயிரைக் கூடுதலாகக் காப்பாற்றியது என்று சொல்ல, அந்தக் கார்கள் ஆயிரக்கணக்கில் ஓடி, விபத்துத் தரவு சேர்ந்து, பல ஆண்டுகள் ஆக வேண்டும். அதுவரை இருப்பது சோதனைக்கூட, கணினிக் கணக்கு முடிவுகள்தான்.

எதற்கு உறுதியான எண் இருக்கிறது என்றால், பழைய விஷயங்களுக்கு. அமெரிக்கத் தரவுப்படி முன் இருக்கையில் மூன்று புள்ளி பெல்ட் மட்டுமே மரண அபாயத்தைச் சுமார் 45 சதவீதம் குறைக்கிறது. ஏர்பேக்கையும் சேர்த்தால் 50 சதவீதம் வட்டாரம். பெல்ட்தான் தலைவன், ஏர்பேக் உதவியாள் என்று நாங்கள் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வது இதனால்தான். பிரீடென்ஷனரும் லோடு லிமிட்டரும் உள்ள பெல்ட், இரண்டும் இல்லாத பெல்ட்டைவிட மரண அபாயத்தை 12.8 சதவீதம் குறைக்கிறது என்று 2013இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. இந்தியாவில் 2022இல் மட்டும் பெல்ட் போடாததால் 16,715 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கையில் இருக்கிறது.

பெண்களைப் பற்றிய எண்ணைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2019இல் வந்தது: நேர் மோதலில், பெல்ட் போட்டிருந்தும், பெண்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 73 சதவீதம் அதிகம். அடுத்து 2021இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வகம், பெண்கள் சிறிய கார்களை ஓட்டுவது, மோதப்படும் வண்டியில் அதிகம் இருப்பது போன்றவற்றைக் கழித்தால் இடைவெளியின் பெரும்பகுதி சுருங்குகிறது என்றது. ஆனால் கால் காயங்களில் இடைவெளி போகவில்லை. எனவே வித்தியாசம் இருக்கிறது என்பது உறுதி. அதில் எவ்வளவு உடற்கூறு, எவ்வளவு கார், எவ்வளவு ஆண் டம்மியை வைத்தே செய்த வடிவமைப்பு என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பியச் சோதனை அமைப்பு 2015இல் சிறிய பெண் டம்மியை ஓட்டுநர் இருக்கையில் வைத்து முழு அகல மோதலைச் சேர்த்தது. கார்களுக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் இந்தியச் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியபோது 64 கிலோமீட்டர் முன்மோதலில் முன் இருக்கை இரண்டிலும் நடுத்தர ஆண் டம்மிதான். அதனால் ஐந்து நட்சத்திரம் நல்ல அடையாளம்தான், ஆனால் அது உங்கள் அம்மாவின் மார்பைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை. நட்சத்திரத்தோடு நிற்காமல் சோதனை அறிக்கையில் இருக்கும் டம்மி படத்தில் மார்புக்கு என்ன நிறம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நடுத்தர ஆணுக்கே மார்பு பச்சையில் இல்லை என்றால் அவருக்கு இன்னும் மோசம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் நடுத்தர விலையில் விற்கும் பெரும்பாலான கார்களில் முன் இருக்கைகளில் பிரீடென்ஷனரும் ஒரே நிலை லோடு லிமிட்டரும்தான். பதினொரு நிலையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். பின் இருக்கையில் பல கார்களில் இந்த இரண்டுமே கிடையாது, வெறும் பெல்ட் மட்டும். ஆறு ஏர்பேக் என்று சொல்வதில் இரண்டு முன்னால், இரண்டு முன் இருக்கைகளின் பக்கவாட்டில், இரண்டு ஜன்னல் ஓரத் திரை. நேர் மோதலில் பின்னால் இருப்பவருக்கு முன்னால் விரிய எதுவும் இல்லை. அப்படி இல்லாத இடத்தில் லோடு லிமிட்டரின் அளவை மிகவும் தாழ்த்தவும் முடியாது, தலை முன் இருக்கையில் போய் இடித்துவிடும். அமெரிக்கத் தரவில் 2007க்குப் பிந்தைய மாடல்களில், பெல்ட் போட்ட பெரியவர்களுக்கு முன் பயணி இருக்கையைவிடப் பின் இருக்கையில் அபாயம் கூடுதலாகத் தெரிகிறது. பின் இருக்கை கெட்டுப்போகவில்லை. முன் இருக்கை முன்னேறிவிட்டது, பின் இருக்கை அங்கேயே நின்றுவிட்டது. அது அமெரிக்கக் கார்களின் கணக்கு, அப்படியே இங்கே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் என் அம்மாவாக இருந்தால், பின் இருக்கையில் பிரீடென்ஷனர் இல்லாத காரில் முன்னால்தான் உட்காரவைப்பேன், இருக்கையை நன்றாகப் பின்னால் தள்ளி, முதுகை நிமிர்த்தி. குழந்தைகளுக்கு இது பொருந்தாது. குழந்தை எப்போதும் பின்னால்தான், அதற்கான இருக்கையில்தான். பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஏர்பேக் அணைக்காத முன் இருக்கையில் வைப்பதும், முன்னால் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதும் அந்தக் குழந்தையைக் கொல்லும் காரியம். ஷோரூமில் ஏர்பேக் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், பின் இருக்கையில் பிரீடென்ஷனரும் லோடு லிமிட்டரும் உண்டா, முன் பெல்ட்டின் உயரத்தை மாற்ற முடியுமா, பயணி ஏர்பேக்கை அணைக்கும் சாவித் துளை எங்கே என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் கையேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள், அதில் இருக்கும்.

கார் தானாக மாற்றிக்கொள்ளாததை ஓரளவு நாமே மாற்றிக்கொள்ளலாம். உங்கள் மனைவியின் மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஐந்தடி உயரத்துக்கு அது கஷ்டம்தான். இருக்கையை உயர்த்தி, முதுகை ஒரு பிடி சாய்த்து, ஸ்டீயரிங்கை முகத்தை நோக்காமல் மார்பை நோக்கி இறக்கினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல், மேல்பட்டை தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில். அம்மாவுக்குச் சேலை மடிப்பின் மேல் பெல்ட் உப்பிக்கொண்டு நின்றால் மேல்பட்டையை ஒருமுறை இழுத்துவிடுங்கள். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மெத்து மெத்தென்று தலையணை போட்டு உட்காரவைக்காதீர்கள். மோதலில் இடுப்பு கீழே நழுவி, பெல்ட் வயிற்றுக்குள் ஏறிவிடும். இருக்கையைப் படுக்கைபோல் சாய்த்துத் தூங்கினாலும் அதேதான். உங்களுக்கு, 95 கிலோவுக்கு, ஒரே அறிவுரை: பெல்ட்டைத் தளர்த்தும் கிளிப் எதையும் மாட்டாதீர்கள். டேஷ்போர்டில் ஒட்டும் பிள்ளையாரைப் பயணி ஏர்பேக் மூடியின் மேல் வைக்க வேண்டாம், அந்த மூடி தெறிக்கும் வேகத்தில் சிலையும் முகத்துக்கு வரும். தடிமனான சீட் கவர் போட்டால் பக்கவாட்டு ஏர்பேக் கிழித்துக்கொண்டு வெளிவர இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முன்னால் இரும்பு பம்பர் கார்டு வேண்டவே வேண்டாம். 2017இலேயே தடை வந்துவிட்டது. கார் நசுங்கும் விதத்தை அது மாற்றிவிடும், அந்த நசுங்கலை வைத்துத்தான் சென்சார் முடிவெடுக்கிறது.

பழைய காரில் பொருத்த முடியுமா என்றால், முடியாது. இருக்கை, பெல்ட், பை, ஸ்டீயரிங் தண்டு, காரின் முன்பக்கம் நசுங்கும் விதம், இவற்றை இயக்கும் மென்பொருள் எல்லாம் ஒன்றையொன்று நம்பி அமைத்தவை. ஒன்றை மட்டும் பிடுங்கி வேறொன்றை வைத்தால் எந்த நேரத்தில் எது விரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. உதிரிபாகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கழற்றிய ஏர்பேக்கையும் வாங்காதீர்கள். அந்தப் பழைய காரில் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து கார் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். அதில் இருந்த அம்மோனியம் நைட்ரேட் மருந்து ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊர்களில் ஆண்டுக்கணக்கில் கெட்டு, வெடிக்கும்போது உலோகச் சில்லுகளைத் தெறிக்கவிட்டது. மலேசியாவிலும் அமெரிக்காவிலும் அதனால் உயிர்கள் போயின. மாற்றித் தருவது இலவசம். அப்புறம், அந்தக் கார் ஏற்கெனவே பலமாக மோதியிருந்தால் முன் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து, தோளுக்கு மேல் உள்ள வளையத்தில் உரசிய இடத்தைப் பாருங்கள். நாடா அங்கே வழவழவென்று உருகியதுபோல் பளபளத்தாலோ, பெல்ட்டைச் சுருட்டும் ரிட்ராக்டர் முன்போல் சுருட்டாமல் சிக்கினாலோ, உள்ளே இருக்கும் தண்டு முறுக்கி முடிந்துவிட்டிருக்கலாம். அந்தப் பெல்ட்டை நம்பி ஓட்டாமல், ரிட்ராக்டரோடு சேர்த்துப் புதிதாக மாற்றிவிடுங்கள்.